மலை வீட்டின் முற்றமும் காட்டுத் தீயும்

2021-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் உத்தராகண்ட் மாநிலக் காடுகளில் பரவிய தீயை அணைப்பதற்கு விமானப்படையின் ஹெலிகாப்டர்கள் நீரை அள்ளிச் சென்று கொட்ட வேண்டியதாயிற்று. அதே ஆண்டு அக்டோபர் 19-ஆம் நாள் காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில், அம்மாநிலத்தின் நைனிதால் மாவட்டத்தைச் சேர்ந்த முக்தேஷ்வரில் 340.8 மில்லிமீட்டர் மழை பதிவாயிற்று. மண்சரிவுகளில் வீடுகள் புதைந்தன. ஆறு மாத இடைவெளியில் ஒரே மலைப்பகுதி தீயினாலும் நீரினாலும் தாக்குண்டது.

மழை மிகுந்த இடத்தில் தீ அச்சம் இராது என்பது பொதுவாக நிலவும் எண்ணம். இமயமலையின் நடுப்பகுதியைப் பொறுத்தவரை இவ்வெண்ணம் தவறானது. அங்கே வாழும் குடும்பம் ஒன்று தன் வீட்டைச் சுற்றியுள்ள நிலத்தைப் பராமரிக்கும்போது இரண்டு எதிரிகளையும் ஒருசேர மனத்திற் கொள்ள வேண்டியிருக்கிறது. புல்லையும் புதரையும் விட்டுவைத்தால் கோடையில் தீ வருகிறது. அனைத்தையும் மழித்துவிட்டால் மழைக்காலத்தில் மண் சரிகிறது. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட வழி எது, அதற்கான உழைப்பையும் செலவையும் யார் ஏற்பது என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

மழையே எரிபொருளை வளர்க்கிறது

உத்தராகண்டில் தென்மேற்குப் பருவமழையின் இயல்பான அளவு ஏறத்தாழ 1,160 மில்லிமீட்டர். ஆண்டு மழையில் நான்கில் மூன்று பங்கு இந்த நான்கு மாதங்களில் பெய்துவிடுகிறது. இம்மழையில் புல் இடுப்பளவு வளர்கிறது. உன்னிச்செடி போன்ற புதர்கள் கைவிடப்பட்ட நிலங்களை மூடுகின்றன. அக்டோபருக்குப் பின் இவை அனைத்தும் காயத் தொடங்குகின்றன. குளிர்கால மழையும் பனியும் போதிய அளவு கிடைத்தால் ஈரம் ஓரளவு நிற்கும். அவை பொய்த்தால், 2020-21 குளிர்காலத்தில் நேர்ந்ததுபோல், அப்பருவத்திலேயே காடுகள் எரியத் தொடங்கிவிடும். வழக்கமான தீப் பருவமாக வனத்துறை கொள்வது பிப்ரவரி 15 முதல் ஜூன் 15 வரையான நான்கு மாதங்களாகும்.

இப்பருவத்தில்தான் சீர் என்று அழைக்கப்படும் பைன் மரம் தன் ஊசியிலைகளை உதிர்க்கிறது. இது ஏறத்தாழ 500 மீட்டர் முதல் 2,200 மீட்டர் உயரம் வரை, அதாவது மலைக் கிராமங்கள் நெருக்கமாக அமைந்துள்ள அதே உயரங்களில், வளர்கிறது. உதிர்ந்த ஊசியிலைக்கு அப்பகுதி மக்கள் இட்ட பெயர் பிரூல். பிசின் கலந்த இந்த இலை எளிதில் மட்குவதில்லை; ஆனால் எளிதில் பற்றிக்கொள்கிறது. சீர் மரத்தின் தடித்த பட்டை தரைத்தீயைத் தாங்கிக்கொள்ளும். அதன் அருகில் முளைத்த பாஞ்ச் என்னும் ஓக் மரக் கன்றுகள் கருகிவிடும். ஆகவே திரும்பத் திரும்ப வரும் தீ, சீர் காட்டை நிலைபெறச் செய்து, மண்ணின் ஈரத்தையும் ஊற்றுகளையும் காக்கும் ஓக் காட்டைப் பின்தள்ளுகிறது.

தீயைத் தொடங்கி வைப்பவன் பெரும்பாலும் மனிதனே. வயலில் களைகளைக் கொளுத்தும்போது பரவும் தீ, அணைக்காது எறியப்பட்ட பீடித் துண்டு, புதுப்புல் முளைக்கட்டும் என்று வைக்கும் நெருப்பு ஆகியவை முக்கிய காரணங்கள். காரணம் எதுவாயினும் தீ எவ்வளவு தூரம் செல்லும் என்பதை முடிவு செய்வது தரையில் கிடக்கும் எரிபொருளே. பொறியை முழுமையாகத் தடுப்பது இயலாத செயல். எரிபொருளைக் குறைப்பது இயலக்கூடியது. அதிலும் வீட்டின் அருகில் மிக எளிதாக இயலக்கூடியது.

தீ வீட்டை அடையும் விதம்

காட்டுத் தீ மூன்று வழிகளில் ஒரு வீட்டைப் பற்றுகிறது. முதலாவது, காற்றில் பறந்துவரும் கங்குகள். இவை தீயின் முகப்பிலிருந்து பல நூறு மீட்டர் தொலைவுக்கும் பறந்து, கூரை இடுக்கில் தங்கிய சருகிலோ, தாழ்வாரத்தில் அடுக்கிய விறகிலோ, புற்போரிலோ விழுகின்றன. இரண்டாவது, தரையில் தொடர்ந்து கிடக்கும் புல்லும் பிரூலும் ஒரு திரிபோல் தீயைச் சுவர் வரை இட்டுவருவது. மூன்றாவது, அருகில் எரியும் மரங்களின் வெப்பக் கதிர் சுவரையும் பலகணியையும் சூடாக்கிப் பற்ற வைப்பது.

இம்மூன்றில் கடைசி வழியைக் குறித்தே மக்கள் மிகுதியாக அஞ்சுகின்றனர். ஆனால் அதன் எல்லை குறுகியது. அமெரிக்க வனத்துறையின் ஆய்வாளர் ஜாக் கோஹன், 1990களின் இறுதியில் கனடாவின் வடமேற்குப் பகுதியில் நடந்த பரிசோதனைகளில் மரச்சுவர்களை எரியும் காட்டிலிருந்து வெவ்வேறு தொலைவுகளில் நிறுத்திப் பார்த்தார். 10 மீட்டர் தொலைவில் நின்ற சுவர்களில் சில தீப்பற்றின. 30 மீட்டர் தொலைவில் நின்றவை தீப்பற்றவில்லை. வீடு பிழைப்பதும் எரிவதும் பெரும்பாலும் அவ்வீட்டைச் சுற்றியுள்ள சில பத்து மீட்டர் நிலத்தின் நிலையைப் பொறுத்தது என்பது இதனால் விளங்கும்.

சமவெளியில் கிடைத்த இம்முடிவை மலைச்சரிவுக்கு அப்படியே பொருத்துதல் கூடாது. சரிவில் மேல்நோக்கிச் செல்லும் தீ, தனக்கு மேலுள்ள எரிபொருளை முன்னதாகவே சூடாக்கி உலர்த்திவிடுகிறது. சரிவு ஒவ்வொரு 10 பாகை கூடும்போதும் தீயின் வேகம் ஏறத்தாழ இரு மடங்காகும் என்பது தீயணைப்புத் துறையில் வழங்கும் பொது விதி. ஆதலால் மலை வீட்டுக்குக் கீழ்ப்புறம் உள்ள சரிவே மிகுந்த ஆபத்துக்குரியது. பராமரிப்பின் பெரும்பகுதியும் அப்பக்கமே செலவிடப்பட வேண்டும்.

பழைய முற்றத்தின் பொருளாதாரம்

குமாவோன் பகுதியின் மரபு வீடுகளை இக்கண்ணோட்டத்துடன் பார்ப்பவர்களுக்கு ஓர் உண்மை தெளிவாகும். கற்சுவரும் கற்பலகைக் கூரையும் கொண்ட வீட்டின் முன்னே, கற்பலகை பாவிய முற்றம் ஒன்று இருக்கும். பட்டாங்கண் என்று அழைக்கப்படும் இம்முற்றத்தில் தானியம் உலரும், குழந்தைகள் விளையாடுவர், திருமணம் நடைபெறும். தீயணைப்பு வல்லுநர்கள் இன்று ‘எரியாத வளையம்’ என்று கூறுவதும் இதுவே. பல வீடுகள் ஒரே கூரைவரிசையில் இணைந்த அமைப்புக்குப் பாக்லி என்று பெயர். முற்றத்தை அடுத்துக் காய்கறிப் பாத்தியும் பழமரங்களும், அதற்கப்பால் கல் வரப்பிட்ட படிவயல்களும், அவற்றுக்கும் அப்பால் காடும் அமைந்திருந்தன.

இந்த அமைப்பைத் தீக்காப்பு என்று கருதி யாரும் உருவாக்கவில்லை. வீட்டுப் பொருளாதாரத்தின் தேவைகளே அதனை உருவாக்கின. மழை முடிந்ததும் சரிவுகளில் வளர்ந்த புல், கால்நடைத் தீவனமாக அறுக்கப்பட்டது. பிரூல் தொழுவத்தில் படுக்கையாக விரிக்கப்பட்டு, சாணத்துடன் கலந்து எருவாக வயலுக்குச் சென்றது. விழுந்த சுள்ளி அடுப்புக்குச் சென்றது. கோடையில் எரியக்கூடிய பொருள் எதுவோ அது குளிர்காலத்திலேயே ஏதேனும் ஒரு பயனுக்கு எடுத்துச் செல்லப்பட்டது. இவ்வேலைகளில் பெரும்பகுதியைச் செய்தவர்கள் பெண்கள். அவர்களது உழைப்புக்குக் கூலி இல்லை. எனவே எந்தக் கணக்கேட்டிலும் அது தீத்தடுப்புச் செலவாக எழுதப்படவில்லை.

காட்டின் மீது மக்களுக்கிருந்த உரிமையும் இதனுடன் பிணைந்தது. பிரிட்டிஷ் ஆட்சியில் காடுகள் ஒதுக்கப்பட்ட காடுகளாக அறிவிக்கப்பட்டுப் புல்லும் விறகும் எடுப்பது கட்டுப்படுத்தப்பட்டபோது, 1921-ஆம் ஆண்டில் குமாவோனில் பெரும் எதிர்ப்பு மூண்டது. காடுகள் பல இடங்களில் கொளுத்தப்பட்டன. குறைகளை விசாரிக்க ஒரு குழு அமைக்கப்பட்டது. அதன் தொடர்ச்சியாக 1931-ஆம் ஆண்டில் வனப் பஞ்சாயத்து விதிகள் பிறந்தன. கிராமத்தினர் தாமே தேர்ந்தெடுக்கும் குழு ஒரு காட்டுப்பகுதியை நிர்வகிக்கும் இம்முறை இன்றும் நிலைத்திருக்கிறது. மாநிலத்தில் பதினோராயிரத்துக்கும் மேற்பட்ட வனப் பஞ்சாயத்துகள் உள்ளன. காட்டிலிருந்து பயன் பெறுவோர் அதனைத் தீயிலிருந்து காப்பதற்கும் முன்வருவர் என்பதே இந்த ஏற்பாட்டின் அடிப்படை.

உழைப்பு குறைந்தது, எரிபொருள் பெருகியது

இந்நிலை மாறிவிட்டது. மாநில அரசு அமைத்த ஊரக வளர்ச்சி மற்றும் இடப்பெயர்வு ஆணையம் 2018-ஆம் ஆண்டில் அளித்த அறிக்கையின்படி, 2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்குப் பின் 734 கிராமங்கள் குடியிருப்போர் அற்றுப் போயின. முற்றிலும் காலியாகாத கிராமங்களிலும் பூட்டிய வீடுகள் பெருகியுள்ளன. கால்நடை குறைந்ததால் புல்லுக்கும் பிரூலுக்கும் தேவை குறைந்தது. சமையல் எரிவாயு பரவியதால் விறகுக்கான தேவையும் குறைந்தது. பெண்களின் தலைச்சுமை இவ்வாறு குறைந்தது வரவேற்கத்தக்கதே. அதனை மீண்டும் அவர்கள் மீது ஏற்ற வேண்டும் என்று எவரும் கூற இயலாது. ஆனால் அவர்கள் ஊதியமின்றி அகற்றிவந்த எரிபொருள் இன்று அங்கேயே கிடக்கிறது.

ஒருபுறம் கைவிடப்பட்ட முற்றங்களில் புதர் மண்டுகிறது. மறுபுறம் சாலையோரங்களில் எழும் புதிய வீடுகளும் விடுதிகளும் வேறு வகை ஆபத்தைக் கொண்டுவருகின்றன. காட்சிக்காகச் சரிவின் விளிம்பில் கட்டப்படும் மரத் தளங்கள், சுவரை ஒட்டி வேலியாக நடப்படும் தூஜா போன்ற ஊசியிலைச் செடிகள், பிளாஸ்டிக் நிழல்வலைகள், கூரை மேல் படர விடப்படும் கொடிகள் ஆகியவை கங்கு விழுந்தால் எளிதில் பற்றக்கூடியவை. தனித்தனியே சிதறிக் கட்டப்படும் வீடு ஒவ்வொன்றும் தனக்கெனத் தனி வளையத்தைப் பராமரிக்க வேண்டியிருக்கிறது.

விளைவு மனித உயிர்களில் கணக்கிடப்படுகிறது. 2024-ஆம் ஆண்டு மே மாதத்தில் பௌரி கர்வால் மாவட்டத்தில், தன் வயலில் சேர்த்து வைத்திருந்த புற்கட்டுகளை நெருங்கிவரும் தீயிலிருந்து மீட்கச் சென்ற மூதாட்டி ஒருவர் தீக்காயமுற்று உயிரிழந்தார். அதே ஆண்டு ஜூன் 13-ஆம் நாள் அல்மோரா மாவட்டத்தின் பின்சர் சரணாலயத்தில் தீயணைக்கச் சென்ற வனப் பணியாளர் நால்வர் மாண்டனர். ஒரு கட்டுப் புல்லுக்காக ஒருவர் தீயை நோக்கிச் செல்ல நேர்ந்தது ஏன் என்று கேட்டால், அப்புல் எங்கே, எப்போது, எவ்வாறு சேமிக்கப்பட வேண்டும் என்ற கேள்விக்கே நாம் வந்துசேர்கிறோம். முற்றப் பராமரிப்பு அழகுக்கான கலையாக மட்டும் இங்கு இருக்க முடியாது.

மூன்று வளையங்கள்

வீட்டைச் சுற்றியுள்ள நிலத்தை மூன்று வளையங்களாகப் பிரித்துப் பராமரிப்பது பல நாடுகளில் ஏற்கப்பட்டுள்ள முறை. மலைக் கிராமத்தின் நிலைமைக்கு ஏற்ப அதனைக் கீழ்க்கண்டவாறு அமைக்கலாம்.

முதல் வளையம், சுவரிலிருந்து ஒன்றரை மீட்டர் வரை. இங்கு எரியக்கூடிய எதுவும் இருத்தல் கூடாது. கற்பலகை, சரளை, இறுகிய மண் ஆகியவை ஏற்றவை. விறகு அடுக்கு, புற்போர், பழைய பலகை, உலர்ந்த மூடாக்கு ஆகியவற்றுக்கு இங்கு இடமில்லை. கூரையிலும் மழைநீர்க் கால்வாயிலும் சேரும் ஊசியிலைகளைத் தீப் பருவத்தில் வாரந்தோறும் அகற்ற வேண்டும். இவ்வளையத்திற்கு ஆகும் செலவு மிகக் குறைவு, பயனோ மிகுதி.

இரண்டாம் வளையம், 10 மீட்டர் வரை. இதைக் காய்கறிப் பாத்திக்கும் பழமரங்களுக்கும் ஒதுக்குவது சிறந்தது. இஞ்சி, மஞ்சள், சேம்பு, கீரை வகைகள் நிலத்தைப் பயனுள்ளதாக வைத்திருக்கின்றன. வாதுமை இனத்தைச் சேர்ந்த ஆப்ரிகாட், பிளம், பேரி, அக்ரோட்டு, மால்டா ஆரஞ்சு முதலியவற்றை ஒன்றின் கிளை மற்றொன்றைத் தொடாதவாறு இடைவெளி விட்டு நடலாம். மரத்தின் அடிக்கிளைகளை ஆள் உயரத்துக்குக் கழித்துவிட்டால், தரைத்தீ ஏணியேறுவதுபோல் உச்சிக்குச் செல்லும் வழி அடைபடும். எந்தச் செடியும் எரியாத செடி அன்று. நீர்ச்சத்து மிக்க அகன்ற இலைகள் தாமதமாகப் பற்றும். பிசின் மிக்க ஊசியிலைகள் விரைவில் பற்றும் என்பதே வேறுபாடு. நீரின்றி வாடிய பழத்தோட்டமும், அடியில் சருகு நிறைந்த பழத்தோட்டமும் எரியவே செய்யும்.

மூன்றாம் வளையம், 30 மீட்டர் வரை. கீழ்ச்சரிவில் இயன்றால் அதற்கும் மேல். இங்கு புல் குட்டையாக அறுக்கப்பட வேண்டும். பிரூல் வாரப்பட வேண்டும். புதர்களைத் தொடர்ச்சியற்ற திட்டுகளாக்க வேண்டும். பீமல் போன்ற தீவன மரங்களையும் பாஞ்ச் ஓக்கையும் இவ்விடத்தில் வளர்க்கலாம். புற்போர்களை வீட்டிலிருந்து தள்ளி, சுற்றிலும் புல் அகற்றிய மண்தரையில், ஒன்றுக்கொன்று இடைவெளியுடன் வைக்க வேண்டும். ஒரே பெரிய போரை விடச் சிறு போர்கள் பல பாதுகாப்பானவை. ஒன்று எரிந்தாலும் ஆண்டுத் தீவனம் முழுவதும் போய்விடாது. அதைக் காக்க எவரும் தீயினுள் செல்ல வேண்டிய நிலையும் ஏற்படாது.

மழித்தலும் தீர்வன்று

தீக்கு அஞ்சி நிலத்தை வேரோடு மழிப்பவர்கள் மற்றோர் ஆபத்தை வரவழைக்கின்றனர். மலைச்சரிவின் மேல்மண்ணைப் பிடித்துவைத்திருப்பவை புல்லின் வேர்களும் மரங்களின் வேர்களும் ஆகும். மண்வெட்டியால் சுரண்டிய சரிவு முதல் பெருமழையிலேயே கரைகிறது. ஆதலால் அரிவாள் பயன்பட வேண்டிய இடத்தில் மண்வெட்டி பயன்படலாகாது. புல்லை நான்கு விரல் உயரம் விட்டு அறுக்க வேண்டும். படிவயலின் விளிம்பிலும் தாங்குசுவரின் மேலும் வேருள்ள செடிகளை நிலைநிறுத்த வேண்டும். புதரை அகற்றிய இடத்தில் மழைக்கு முன்னரே தீவனப் புல்லை நட வேண்டும்.

நீரை வழிப்படுத்துவதும் முற்றப் பராமரிப்பின் பகுதியே. ஒரு சதுர மீட்டர் பரப்பில் பெய்யும் ஒரு மில்லிமீட்டர் மழை ஒரு லிட்டர் நீராகும். 10 மீட்டர் நீளமும் 8 மீட்டர் அகலமும் கொண்ட வீட்டின் கூரை 80 சதுர மீட்டர். பருவமழையில் 1,000 மில்லிமீட்டர் பெய்தால் அக்கூரையில் 80,000 லிட்டர் நீர் விழுகிறது. ஐந்தில் ஒரு பங்கு வீணானாலும் 64,000 லிட்டர் கிடைக்கும். இந்நீரை வழிநடத்தாமல் விட்டால் அது சுவரின் அடிமண்ணை அரிக்கும். தொட்டியில் ஒரு பகுதியைச் சேர்த்தால் ஏப்ரல், மே மாதங்களில் இரண்டாம் வளையத்தின் செடிகளைப் பசுமையாக வைத்திருக்கவும், அவசரத்தில் தீயணைக்கவும் உதவும். எஞ்சியதைச் சரிவுக்குக் குறுக்கே அமைந்த கல் வாய்க்கால் மூலம் பாதுகாப்பான ஓடைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.

கிராமத்திற்கு மேலே நீரைத் தேக்குவதன் பயனுக்கு பௌரி கர்வாலின் உஃப்ரைங்கால் பகுதி சான்று. 1980களில் தொடங்கி, ஆசிரியர் சச்சிதானந்த் பாரதியும் அப்பகுதி மகளிர் குழுக்களும் சரிவுகளில் ஆயிரக்கணக்கான சிறு நீர்க்குழிகளைத் தோண்டி, அகன்ற இலை மரங்களை வளர்த்தனர். வறண்டிருந்த ஓடையில் நீர் வந்தது. காட்டின் ஈரமும் பெருகியது. மழைக்காலத்து நீரைக் கோடை வரை மண்ணில் நிறுத்துவது தீத்தடுப்பும் ஆகும் என்பதை அப்பணி காட்டியது.

ஆண்டு வேலை முறை

வேலைகள் சரியான மாதத்தில் நடைபெறுதல் இன்றியமையாதது. அக்டோபர், நவம்பரில் புல் அறுவை. டிசம்பர், ஜனவரியில் கிளை கழித்தலும் புதர் நீக்கலும். பிப்ரவரி 15-க்குள் கூரை, முற்றம், வீட்டை ஒட்டிய பாதை ஆகியவற்றின் துப்புரவு. மார்ச் முதல் ஜூன் வரை பிரூல் வாருதல். ஜூன் தொடக்கத்தில் வாய்க்கால் தூர்வாருதலும் தொட்டி சுத்தமும். ஜூலை, ஆகஸ்டில் மரக்கன்றும் தீவனப் புல்லும் நடுதல் என்று ஒரு நிரலை வகுத்துக்கொள்ளலாம்.

வயலில் களைகளைக் குவித்து எரிப்பதைக் குமாவோன் மக்கள் ஓணா என்பர். இதை ஏப்ரல், மே மாதங்களில் செய்யும்போதே தீ காட்டுக்குப் பரவுகிறது. அல்மோரா மாவட்டத்தின் ஷீத்லாகேத் பகுதி கிராமங்கள், இவ்வேலையை மார்ச் 31-க்குள் முடித்துவிடுவது என்று தமக்குள் முடிவு செய்து, ஏப்ரல் 1-ஆம் நாளை ஓணா தினமாகக் கடைப்பிடிக்கத் தொடங்கின. வழக்கத்தை ஒழிக்கும்படி எவரும் ஆணையிடவில்லை. அதன் காலம் மட்டும் மாற்றப்பட்டது. இம்முயற்சியை மாநில அரசு ஏனைய பகுதிகளுக்கும் முன்மாதிரியாகக் காட்டியுள்ளது.

யார் பொறுப்பு?

இனிப் பொருளாதாரக் கேள்விக்கு வருவோம். மேற்கூறிய 10 மீட்டருக்கு 8 மீட்டர் வீட்டைச் சுற்றி ஒன்றரை மீட்டர் வளையம், மூலைகளையும் சேர்த்து, 63 சதுர மீட்டர் பரப்பாகும். 10 மீட்டர் வரையான நிலம் 760 சதுர மீட்டர். மலைப்பகுதியில் வழங்கும் நாலி அளவில் ஏறக்குறைய 4 நாலி. 30 மீட்டர் வரையான நிலமோ 4,680 சதுர மீட்டர்; ஏறக்குறைய 23 நாலி. முதல் வளையத்தை ஒரு முதியவரும் பராமரிக்க இயலும். இரண்டாவதை ஒரு குடும்பம் பராமரிக்கும். மூன்றாவது வளையம் ஒரு குடும்பத்தின் சொத்தாக இருப்பதே அரிது. அதில் அண்டை வீட்டாரின் வயல் இருக்கும். வெளியூர் சென்றவரின் தரிசு இருக்கும். வனப் பஞ்சாயத்தின் நிலமும் இருக்கும்.

வீடுகள் வரிசையாக இணைந்திருந்தால் இச்சுமை எவ்வளவு குறையும் என்பதையும் கணக்கிடலாம். அதே அளவுள்ள பத்து வீடுகள் தனித்தனியே நின்றால், 10 மீட்டர் வளையத்துக்கு மொத்தம் 7,600 சதுர மீட்டர் நிலத்தைப் பராமரிக்க வேண்டும். அவை ஒரே வரிசையில் இணைந்திருந்தால் 2,560 சதுர மீட்டர் போதும். வீடு ஒன்றுக்கு 760 சதுர மீட்டர் என்பது 256 ஆகிவிடுகிறது. பாக்லி அமைப்பின் சிக்கனம் இதில் தெளிவாகிறது. புதிய குடியிருப்புகளுக்கு அனுமதி வழங்கும் அதிகாரிகள் இதனைக் கருத்திற் கொள்வது நலம். ஒரு வீடு பற்றினால் வரிசை முழுவதும் ஆபத்துக்குள்ளாகும் என்பதால், வரிசையினர் அனைவரும் ஒருமித்துப் பராமரிக்க வேண்டும் என்பதும் இதனுடன் சேர்ந்த நிபந்தனை.

ஒருவர் தம் முற்றத்தைப் பேணாவிடில் அதன் தீங்கு அண்டை வீட்டாரையும் சேர்கிறது. பேணினால் அதன் நன்மையும் அவ்வாறே. பொருளியலார் இதனைப் புறவிளைவு என்பர். இத்தகைய பணி தனிமனிதரின் தன்னலத்துக்கு மட்டும் விடப்பட்டால், தேவையான அளவுக்கு நடைபெறாது. வெளியூரில் வாழும் உரிமையாளர் தமது பூட்டிய வீட்டுக்காகக் கூலி கொடுத்துப் புல் அறுக்க முன்வருவது அரிது. அவரது நிலத்தில் பிறர் கால்வைக்கவும் தயங்குவர்.

அரசு இத்துறையில் செயலற்று இருக்கவில்லை. காட்டுத் தீ தடுப்பு மற்றும் மேலாண்மைத் திட்டத்தின் கீழ், இமயமலை மாநிலங்களுக்கான செலவில் 90 விழுக்காட்டை மத்திய அரசு ஏற்கிறது. 2024 மே மாதத்தில் மாநில அரசு பிரூலைக் கிலோவுக்கு 50 ரூபாய் விலையில் கொள்முதல் செய்வதாக அறிவித்தது. பித்தோராகர் மாவட்டத்தில் பிரூலை வாயுவாக்கி மின்சாரம் எடுக்கும் முயற்சியும் நடைபெற்றுள்ளது. கூலியற்ற உழைப்பு மறைந்த இடத்தில் கூலியுள்ள உழைப்பைக் கொண்டுவருவது என்ற முறையில் இவை சரியான திசையில் எடுத்த அடிகளே.

எனினும் எடைக்கு மட்டும் விலை தருவதில் ஒரு குறை உண்டு. சேகரிப்பவர் சாலைக்கு அருகில், எளிதாக அள்ளக்கூடிய இடத்திலிருந்து பிரூலை எடுப்பார். செங்குத்தான சரிவிலுள்ள முதியவர் வீட்டின் கீழ்ப்புறம் கிடப்பது அங்கேயே கிடக்கும். எடைக்கு உரிய விலையுடன், குடியிருப்பைச் சுற்றிய 30 மீட்டர் நிலம் தீப் பருவத்தில் துப்புரவாக இருந்ததற்கு ஒரு தொகையும் வழங்குதல் பொருத்தமாகும். எடை பார்ப்பதுபோல் இதனையும் எளிதில் சரிபார்க்க முடியும்.

இதற்கு ஏற்ற அமைப்பு வனப் பஞ்சாயத்தும் மகளிர் குழுவும் ஆகும். அவை மூன்று பணிகளை மேற்கொள்ளலாம். முதலாவது, ஊரில் இல்லாத உரிமையாளர்களிடம் எழுத்து மூலம் ஒப்புதல் பெற்று, அவர்களது நிலத்தில் புல் அறுப்பது. அறுத்த புல்லே கூலியின் ஒரு பகுதியாகும். உரிமையில் எந்த மாற்றமும் ஏற்படாது என்பதையும் அந்த ஒப்புதலில் குறித்துவிடலாம். இரண்டாவது, ஆண்டுதோறும் பிப்ரவரி தொடக்கத்தில் ஊரைச் சுற்றி நடந்து ஒவ்வொரு வீட்டின் மூன்று வளையங்களையும் பார்வையிடுவது. மூன்றாவது, தனித்து வாழும் முதியோரின் முற்றத்துக்கு ஊர்ப் பொதுநிதியிலிருந்து ஆள் அமர்த்துவது. தீத்தடுப்பு நிதியின் ஒரு பகுதி, காட்டின் நடுவே வெட்டப்படும் தீத்தடைக் கோடுகளைப் போலவே, இந்தக் குடியிருப்பு வளையங்களுக்கும் ஒதுக்கப்பட வேண்டும்.

இந்திய வனக் கணக்கெடுப்பு நிறுவனத்தின் 2019-ஆம் ஆண்டு அறிக்கை, நாட்டின் காட்டுப் பரப்பில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அடிக்கடி தீ நிகழும் வாய்ப்புள்ளது என்று கூறியது. அக்காடுகளின் ஓரங்களில் எல்லாம் வீடுகள் இருக்கின்றன. எங்கோ உள்ள காட்டைக் காப்பதற்கு ஒரு குடும்பத்தால் ஆகக்கூடியது சிறிதளவே. தன் வாசலில் கிடக்கும் சருகை அகற்றுவதும், புற்போரைத் தள்ளி வைப்பதும், கூரை நீரை வழிப்படுத்துவதும் அதன் சக்திக்கு உட்பட்டவை. அதற்கப்பாற்பட்ட நிலத்தை ஊரும் அரசும் சேர்ந்து பேண வேண்டும். மலைப் பெண்கள் தலைமுறைகளாகக் கூலியின்றிச் செய்த இப்பணிக்கு ஒரு மதிப்பு உண்டு என்பதை ஏற்று, அதற்குரிய ஊதியத்தைத் திட்டச் செலவில் சேர்ப்பதே முதற்படியாகும்.